சுழலும் தண்ணீருக்கு ஒரு கணக்கு: அணு உலையின் எரிபொருள் கற்றைக்குள் என்ன நடக்கிறது?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். நெருக்கமாக நிற்கும் குழாய்களுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சுழல்கள் நெளிகின்றன. கீழே ஒரு வரி: "கூடங்குளம் உலைக்குள் கேமரா வைத்து எடுத்தது. எவ்வளவு கொந்தளிப்பு பாருங்கள்!"

ஒரே வரியில் மூன்று தவறு. ஓடும் உலையின் நடுவே அப்படிக் கேமரா வைக்க முடியாது. அது எடுத்த படமே இல்லை, கணினி போட்ட கணக்கு. மூன்றாவதுதான் முக்கியம்: அங்கே கொந்தளிப்பு இருப்பது கோளாறு இல்லை, இல்லாமல் போனால்தான் கோளாறு. குழுவில் பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே.

ஊடுபுள்ளிக் கோலம் மாதிரி ஒரு கற்றை

கூடங்குளத்தில் ஓடுபவை ரஷ்ய வடிவமைப்பில் வந்த 1000 மெகாவாட் உலைகள். யுரேனிய வில்லைகளை அடுக்கி அடைத்த நீளமான உலோகக் குழாய்தான் எரிபொருள் தண்டு. அதன் கனம் 9.1 மில்லிமீட்டர், சுண்டுவிரலைவிடக் குறைவு. இப்படிப்பட்ட தண்டுகளை அறுகோணமாகச் சேர்த்துக் கட்டினால் அது ஓர் எரிபொருள் கற்றை.

கோலம் போடுகிறவர்களுக்கு இந்த அமைப்பைச் சட்டென்று சொல்லிவிடலாம்: 21 புள்ளி, ஊடுபுள்ளி 11 வரை. நடு வரிசையில் 21, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 11-இல் முடியும். எண்ணிப் பாருங்கள், 331 இடங்கள் வரும். அதில் 300-க்கு மேல் எரிபொருள் தண்டுகள். மிச்ச இடங்களில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்குவதற்கான குழாய்கள் போன்றவை. இந்த மாதிரி 163 கற்றைகள் சேர்ந்ததுதான் உலையின் மையம். மொத்தம் 50,000 தண்டுகளுக்கு மேல்.

உலை முழு வேகத்தில் ஓடும்போது உண்டாகும் வெப்பம் 3000 மெகாவாட். மின்சாரமாக வெளியே வருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். 3000 மெகாவாட்டை 50,000 தண்டுகளுக்குப் பங்கு போட்டால் ஒரு தண்டுக்குச் சுமார் 60 கிலோவாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு உச்சத்தில் 2 கிலோவாட் எடுக்கும். அப்படியென்றால் முப்பது இண்டக்‌ஷன் அடுப்பின் சூடு, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு குழாயிலிருந்து, நிற்காமல் வருகிறது.

இந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிற திரவத்துக்குக் குளிர்விப்பான் என்று பெயர். கூடங்குளத்தில் அது தண்ணீர். பெயரில்தான் குளிர், உள்ளே நுழையும்போதே அது சுமார் 290 டிகிரியில் இருக்கும். வெளியே வரும்போது 320. கொதிக்காதா? காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 155 மடங்கு அழுத்தம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 345 டிகிரி தாண்ட வேண்டும். தண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள சந்து 3.65 மில்லிமீட்டர். அதன் வழியாகத் தண்ணீர் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் கீழிருந்து மேலே பாய்கிறது. மூன்றரை மீட்டர் உயரத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் 30 டிகிரி ஏறிவிடுகிறது.

ஊதுபத்திப் புகை

இனி "கொந்தளிப்பு" என்ற சொல்லுக்கு வருவோம். காற்றில்லாத அறையில் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்திருப்பீர்கள். நுனியிலிருந்து புகை நூல் பிடித்த மாதிரி நேராக எழும். கொஞ்ச உயரம் போனதும் நெளியும், சுருளும், அப்புறம் கலைந்து எங்கும் பரவும்.

நூலாகப் போகும் பகுதிக்கு வரிச்சீர் ஓட்டம் என்று பெயர். திரவமோ வாயுவோ அடுக்கடுக்காக, ஒரு அடுக்கு பக்கத்து அடுக்கோடு கலக்காமல் நகர்வது. கலைந்த பகுதிதான் கொந்தளிப்பு ஓட்டம். பள்ளிப் பாடநூல் இதைச் சுழற்சி ஓட்டம் என்கிறது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், ஏனென்றால் பயமுறுத்தாது. பெரிய சுழல், அதற்குள் சின்னச் சுழல், அதற்குள் இன்னும் சின்னது என்று எல்லா அளவிலும் சுழல்கள் இருக்கும். எந்தச் சுழல் எப்போது எங்கே வரும் என்று சொல்ல முடியாது.

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டு, நடுவில் மெல்லிய சாயக் கோடு ஒன்றை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நேர்க்கோடாகவே போனது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஓரிடத்தில் கோடு உடைந்து குழாய் முழுக்கக் கலந்தது. எப்போது உடையும் என்பதற்கு ஓர் எண் கிடைத்தது. திரவத்தின் அடர்த்தி, வேகம், பாதையின் அகலம் மூன்றையும் பெருக்கிப் பிசுபிசுப்பால் வகுத்தால் வருவது அந்த எண். இன்று அதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். குழாய்களில் சுமார் 2,000-க்குக் கீழே இருந்தால் வரிச்சீர். அதற்கு மேலே போகப் போகக் கொந்தளிப்பு.

கூடங்குளம் கற்றைக்குள் இந்த எண் எவ்வளவு? 300 டிகிரியில் தண்ணீரின் பிசுபிசுப்பு நம் குடத்துத் தண்ணீரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 5 லட்சம். வரிச்சீராக ஓடுவது அங்கே நடக்காத காரியம்.

ஃபேன் தூசியும் தோசைக்கல்லும்

மின்விசிறியை நாள் முழுக்கச் சுற்றவிடுகிறோம். இருந்தும் இறக்கையில் தூசி படிகிறது. அவ்வளவு காற்று அடிக்கிற இடத்தில் தூசி ஏன் பறந்துபோகவில்லை? இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்பது முக்கியக் காரணம். எந்தத் திரவமும் வாயுவும் சுவரை ஒட்டிய இடத்தில் சுவரைப் பொறுத்து நகராது. சுவரிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் வேகம் பிடிக்கும்.

எரிபொருள் தண்டிலும் இதே கதை. தண்டை ஒட்டி மிக மெல்லிய, சோம்பேறித்தனமான ஒரு நீரடுக்கு இருக்கிறது. தண்டின் சூடு அந்த அடுக்கைத் தாண்டித்தான் வெளியே போயாக வேண்டும். ஓட்டம் வரிச்சீராக இருந்தால் சூடு அடுக்கு அடுக்காகக் கைமாறி, மெதுவாக நடுவுக்குப் போகும். 60 கிலோவாட்டுக்கு அந்த வேகம் எந்த மூலைக்கும் போதாது. கொந்தளிப்பில் சுழல்கள் சுவர்ப் பக்கம் வந்து சூடான நீரை வாரிக்கொண்டு நடுவுக்குப் போகின்றன. நடுவிலிருந்த நீரைச் சுவருக்குக் கொண்டுவருகின்றன. அந்த ஒட்டு அடுக்கும் இதனால் மெலிந்துவிடுகிறது. இயற்கையாக வரும் சுழல் போதாதென்று பல உலைகளில் தண்டுகளைப் பிடித்துவைக்கும் சட்டங்களின் மேல் சின்னச் சின்ன உலோகச் சிறகுகள் வைத்து, வேண்டுமென்றே தண்ணீரைக் கிளறிவிடுகிறார்கள்.

சூடு சரியாக வெளியேறாவிட்டால் என்ன ஆகும்? தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம். அளவான சூட்டில் சுர்ரென்று பொங்கி ஆவியாகிவிடும். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளிகள் முத்தாக உருண்டு ஓடும், சீக்கிரத்தில் வற்றாது. துளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஆவி ஒரு மெத்தை மாதிரி விரிந்துவிடுவதுதான் காரணம். இந்த மெத்தை எரிபொருள் தண்டின் மேல் விரிந்தால் தண்ணீர் தண்டைத் தொடாது, சூடு வெளியேறாது, தண்டின் மேலுறை வெப்பநிலை கிடுகிடுவென ஏறும். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து எவ்வளவு வெப்பம் வந்தால் இந்த நிலை தொடங்கும் என்பதை உச்ச வெப்பப் பாய்வு என்கிறார்கள். உலையை எந்த நேரத்திலும் அந்த எல்லையிலிருந்து போதிய தூரம் தள்ளியே ஓட்ட வேண்டும்.

சரி, இதுவரை: தண்டுகள் நெருக்கம், சூடு அபாரம், தண்ணீர் வேகம். கொந்தளிப்பு சூட்டைக் கடத்தும் வேலையாள். அந்த வேலையாள் எந்தச் சந்தில் எவ்வளவு வேலை செய்கிறான் என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் கணக்கு.

இந்த வேலையாளுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் உண்டு. சுழல்கள் தண்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். தண்டு நுண்ணியதாக அதிரும். பிடித்திருக்கும் சட்டத்தோடு மாதக்கணக்கில் உரசி உறையில் ஓட்டை விழலாம். இந்த வகை உலைகளில் எரிபொருள் கசிவுக்கு இந்த உரசல் முக்கியமான காரணங்களில் ஒன்று. எனவே கொந்தளிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது இரண்டு பக்கமும் அவசியம்.

சமன்பாடு இருக்கிறதே, போட்டுவிட வேண்டியதுதானே?

இருக்கிறது. நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள். திரவத்தின் ஒவ்வொரு துணுக்குக்கும் நியூட்டனின் விதியை எழுதினால் கிடைப்பவை அவை. கொந்தளிப்பு முழுக்க அதற்குள்ளேயே அடக்கம். ஆனால் பேனாவும் தாளும் வைத்துத் தீர்க்க முடிந்தது சில எளிய ஓட்டங்களுக்கு மட்டும். இவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்ற கேள்விக்கே 2000-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்னும் யாரும் வாங்கவில்லை.

அதனால் கணினி. ஓட்டம் நடக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, கட்டத்துக்குக் கட்டம் வேகம், அழுத்தம், வெப்பம் என்று எண்ணாகவே தீர்ப்பது. சிக்கல் என்னவென்றால், மிகச் சின்னச் சுழலையும் பிடிக்க வேண்டுமானால் கட்டம் அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். ரெனால்ட்ஸ் எண் ஏற ஏறச் சின்னச் சுழல் இன்னும் சின்னதாகும். 5 லட்சம் என்ற எண்ணுக்கு, சந்தின் அகலமே உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குள் மட்டும் உத்தேசமாகக் கட்டங்களின் எண்ணிக்கை லட்சம் கோடிகளில் போய் நிற்கும். அப்படிப்பட்ட பெட்டிகள் உலைக்குள் கோடிக்கணக்கில். எதையும் விடாமல் தீர்க்கும் இந்த முறைக்கு நேரடிக் கணிப்பு என்று பெயர். சின்ன எண், சின்ன இடம் என்றால் செய்கிறார்கள். முழு உலைக்கு இன்றைய சூப்பர் கணினியும் கைவிரித்துவிடும்.

ரங்கநாதன் தெரு வழி

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தி.நகர் ரங்கநாதன் தெரு. ஒவ்வொருவரும் எங்கே வளைகிறார், எந்தக் கடைமுன் நிற்கிறார் என்று பின்தொடர்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஆனால் ரயில் நிலையப் பக்கம் நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்பது மட்டும் போதுமென்றால்? கூட்டத்தின் சராசரி வேகம் தெரிந்தால் போதும்.

ரெனால்ட்ஸ் 1895-இல் இதைத்தான் செய்தார். வேகத்தைச் சராசரி, அதைச் சுற்றிய அலைவு என்று இரண்டாகப் பிரித்தார். சராசரிக்கு மட்டும் சமன்பாடு எழுதினார். சுழல்களெல்லாம் மறைந்துவிட்டன என்று நினைத்தால், அவற்றின் விளைவு ஓர் அறியாத உறுப்பாக மிச்சம் நிற்கிறது. தெருவில் குறுக்கே பாய்கிறவர்களை நாம் எண்ணாவிட்டாலும் அவர்கள் இடிப்பதால் எல்லோர் வேகமும் மாறுகிறது இல்லையா, அது மாதிரி.

அந்த மிச்சத்தை ஏதாவது ஓர் ஊகத்தால் நிரப்பியாக வேண்டும். அந்த ஊகத்துக்குத்தான் கொந்தளிப்பு மாதிரி (மாடல்) என்று பெயர். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். இயற்பியல் விதியிலிருந்து அச்சு அசலாக இறங்கி வந்தது இல்லை இது. சோதனைகளைப் பார்த்துச் சில எண்களைப் பொருத்தி வைத்த, புத்திசாலித்தனமான ஊகம். பழையதும் பிரபலமானதும் ஒன்று உண்டு: இடிபாடு நிறைந்த கூட்டம் தேன் மாதிரிக் கெட்டியாக நகர்கிறது அல்லவா? அதே போல, சுழல்கள் திரவத்தின் பிசுபிசுப்பைக் கூட்டிவிட்டதாகப் பாவித்துக்கொள்வது. இதற்குச் சுழல் பிசுபிசுப்பு என்று பெயர். பிரான்சின் ஜோசப் பூசினெஸ்க் 1877-இலேயே சொன்ன யோசனை. இன்றும் பொறியாளர்களின் அன்றாடக் கணக்கில் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது.

நேரடிக் கணிப்புக்கும் சராசரிக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பெரிய சுழல்களை நேராகவே கணக்கிட்டு, கட்டத்தைவிடச் சின்னதாக இருப்பவற்றுக்கு மட்டும் ஊகம் வைப்பது: பெருஞ்சுழல் கணிப்பு. இதன் வேர் அணு உலையில் இல்லை. அமெரிக்க வானிலை அறிஞர் ஜோசப் ஸ்மகோரின்ஸ்கி 1963-இல் காற்று மண்டலத்துக்காகப் போட்ட பாதை.

குழம்புக் கிண்ணக் கணக்கு

பூசினெஸ்க் யோசனை கற்றைக்குள் ஓரிடத்தில் வழுக்கிவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

மூன்று தண்டுகள் ஒன்றையொன்று பார்த்து நின்றால் நடுவில் முக்கோணமாக ஒரு பாதை கிடைக்கும். இதற்குத் துணைப்பாதை என்று பெயர். ஒவ்வொரு துணைப்பாதையும் பக்கத்துத் துணைப்பாதையோடு தண்டுகளின் இடுக்கு வழியாகத் தொடர்பில் இருக்கிறது. ஒரு பாதையில் சூடு கூடினால் பக்கத்துப் பாதை அதை வாங்கிக்கொள்ள வேண்டும். முழு உலைக்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருவது துணைப்பாதைக் கணக்குதான்: ஒவ்வொரு பாதையையும் ஓர் அறையாகவும் இடுக்கை ஒரு கதவாகவும் வைத்துக்கொண்டு, கதவு வழியாக எவ்வளவு கலக்கிறது என்பதற்குச் சோதனையில் அளந்த ஓர் எண்ணைப் போட்டுவிடுவது.

கதவு குறுகினால் கலப்பும் குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். அளந்து பார்த்தால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. குறுகிய இடுக்கிலும் வெப்பம் தாராளமாக அந்தப் பக்கம் போனது. 1984-இல் ஹூப்பர், ரெமே என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகள் காரணத்தைத் துலக்கின. இடுக்கின் இரு பக்கமும் பெரிய சுழல்கள் வரிசையாக ஓடுகின்றன. அவை தண்ணீரை இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு என்று கிட்டத்தட்டத் தாளம் தவறாமல் தள்ளுகின்றன.

இரண்டு வீட்டுக்கு நடுவில் காம்பவுண்டுச் சுவர். இந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன்குழம்பு போகிறது. அதே கிண்ணத்தில் அங்கிருந்து பாயசம் வருகிறது. நாள் முடிவில் எண்ணிப் பார்த்தால் கிண்ணக் கணக்கில் வரவும் செலவும் சமம். சராசரி பூஜ்யம். அதற்காக எதுவும் கைமாறவில்லை என்று சொல்ல முடியுமா? இடுக்கில் நடப்பது இதேதான். அந்தப் பக்கம் போன தண்ணீரும் இந்தப் பக்கம் வந்த தண்ணீரும் சமம். சராசரி குறுக்கு வேகம் பூஜ்யம். ஆனால் போனது சூடானது, வந்தது அவ்வளவு சூடில்லாதது. சராசரியை மட்டும் பார்க்கும் எளிய மாதிரி பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுக் கலப்பைக் குறைத்துச் சொல்லிவிடும். பெருஞ்சுழல் கணிப்பு இந்தத் தாளத்தைப் பிடித்துவிடும், ஏனென்றால் அது கிண்ணத்தையே பின்தொடர்கிறது.

சுருக்கிச் சொன்னால், சராசரி முறை மலிவு. நேரான பாதையில் நம்பலாம், இடுக்குகளில் கவனம் தேவை. பெருஞ்சுழல் முறைக்குச் செலவு அதிகம், ஒன்றிரண்டு கற்றைக்குத்தான் கட்டுப்படியாகும். அதில் கிடைப்பதை வைத்து மலிவான முறையின் எண்களைத் திருத்திக்கொள்வது நடைமுறை.

கல்பாக்கத்தில் வேறு கதை

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில் (எரிப்பதைவிட அதிகமாகப் புது எரிபொருளை உண்டாக்கும் வகை உலை) குளிர்விப்பான் தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். 397 டிகிரியில் நுழைந்து 547-இல் வெளியேறும். இங்கே கோலம் 17 புள்ளி, ஊடுபுள்ளி 9 வரை: 217 தண்டுகள். தண்டு 6.6 மில்லிமீட்டர்தான். ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க ஒவ்வொரு தண்டின் மேலும் 1.65 மில்லிமீட்டர் கம்பியை, பந்தல்காலில் அவரைக்கொடி ஏறுவது போலச் சுற்றியிருக்கிறார்கள். 20 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. கம்பி சாய்வாக ஏறுவதால் சோடியமும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே ஏறும். கலக்கும் வேலையைக் கம்பியே பார்த்துக்கொள்கிறது.

சோடியம் உலோகம் என்பதால் சூட்டைத் தானாகவே வேகமாகக் கடத்தும், சுழலுக்காகக் காத்திருக்காது. தண்ணீருக்காகப் பொருத்திய மாதிரியை அப்படியே இங்கே போட்டால் வெப்பநிலை தப்பாக வரும். ஓர் ஊகம் ஓரிடத்தில் ஜெயித்தது என்பதற்காக இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கணக்கு சரி என்று எப்படித் தெரியும்?

உலைக்குள் பார்க்க முடியாது, சோடியத்துக்குள் ஒளியே புகாது. ஆனால் சூடான தண்ணீரின் அடர்த்தியும் பிசுபிசுப்பும் சோடியத்துக்கு நெருக்கம். எனவே தண்ணீரை வைத்தே ஓட்டத்தைச் சோதிக்கலாம். பூச்சாடியில் போடும் ஜெல் உருண்டைகள் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரைப் போலவே ஒளியை வளைக்கும் பிளாஸ்டிக்கில் தண்டு செய்தால் அதுவும் அப்படியே மறைந்துவிடும். அப்புறம் தண்ணீரில் நுண் துகள்களைக் கலந்து லேசர் பாய்ச்சிப் படமெடுத்தால், கற்றைக்கு நடுவிலும் ஒவ்வொரு துகளும் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துவிடலாம்.

விடை தெரிந்த பிறகு மாதிரியைத் திருகிப் பொருத்துவது சுலபம். அதனால் கண்கட்டுத் தேர்வு வைக்கிறார்கள். தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அணுசக்தி ஆய்வுக் கழகம் 2011-12 வாக்கில் அப்படி ஒன்றை நடத்தியது. 25 தண்டுகள், ஐந்துக்கு ஐந்தாக. சரியாக அளப்பதற்காக அசல் அளவைவிடச் சுமார் 2.6 மடங்கு பெரிதாகச் செய்தார்கள். கலக்கும் சிறகுகளின் வடிவத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள், அளந்த விடைகளைக் கொடுக்கவில்லை. பல நாட்டுக் குழுக்கள் முதலில் தங்கள் கணக்கை ஒப்படைத்தன. பிறகுதான் விடைத்தாள் திறந்தது. ஒரே கேள்விக்கு எல்லோரும் ஒரே விடை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்தில் நீராவி உற்பத்திக் கலன்களைப் புதிதாக மாற்றினார்கள். எரிபொருள் கற்றை இல்லை, ஆனால் இதுவும் ஆயிரக்கணக்கான குழாய்களின் கற்றைதான். வடிவமைப்பின்போது போட்ட கணினிக் கணக்கு, குழாய்களுக்கு நடுவே ஓடும் நீராவிக் கலவையின் வேகத்தை மிகவும் குறைத்துக் காட்டிவிட்டது. குழாய்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தன. 2012 ஜனவரியில் ஒன்று கசிந்தது. 2013 ஜூனில் நிலையத்தையே நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

இவ்வளவையும் சித்தப்பாவுக்குச் சுருக்கி அனுப்பினேன். மீன்குழம்பை மட்டும் விடவில்லை. சாயங்காலம் ஃபோன் பண்ணினார்.

"எல்லாம் சரிடா. அந்த வீடியோவில் சிவப்பாக இருந்ததே, அது என்ன, நெருப்பா?"

"இல்லை சித்தப்பா. அதிகச் சூடு என்று காட்ட கணக்குப் போட்டவர் தேர்ந்தெடுத்த நிறம். 320 டிகிரிக்குச் சிவப்பு, 290-க்கு நீலம் என்று வைத்திருப்பார்."

"அவர் பச்சை கொடுத்திருந்தால்?"

"பச்சையாக இருந்திருக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்படியென்றால் நான் ஃபார்வர்டே பண்ணியிருக்க மாட்டேன்" என்றார்.